வளைத்து வெட்டிய ஊற்றுக்கால்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள். மறதியும் வந்துவிட்டது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் மாதனூர்ப் பக்கம், பாலாற்றங்கரை. கோடையில் ஆறு வெறும் மணல்தான். மணலில் மார்பளவு ஆழத்துக்கு நீளமாகப் பள்ளம் வெட்டிக்கொண்டே போனால் ஊற்று சுரந்து கழனிக்கு ஓடிவரும். அதுதான் ஊற்றுக்கால். வெட்டுவதற்கு வீட்டுக்கு ஓர் ஆம்பிளை இறங்க வேண்டும். ஆள் வராத வீட்டுக்குத் தண்ணீர் முறை கிடையாது.

என் வீட்டுக்காரர் அந்த வேலையில் கெட்டிக்காரர். வெள்ளைக்காரன் சண்டைக்கு ஆள் எடுத்தபோது அவரையும் என் தம்பியையும் பள்ளம் வெட்டத்தான் கூட்டிப்போனார்கள். கடல் தாண்டி ஓர் ஊர், பஸ்ரா என்று பேர் சொன்னார்கள். அவர் திரும்பினார். தம்பி வரவில்லை. எப்படிச் செத்தான் என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

திரும்பி வந்த கோடையில் ஊற்றுக்கால் வெட்ட இறங்கினார். நான் கூழ் எடுத்துப் போனபோது ஆட்களெல்லாம் கரையேறி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பங்கை மட்டும் கோணல்மாணலாக, கொஞ்ச தூரத்துக்கு ஒரு திருப்பம் வைத்து வெட்டியிருந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் மணல் சரிந்து தண்ணீரை அடைத்துக்கொண்டது.

"இன்னாடா இது? பாம்புக்கு வழி வுடுறியா?" என்றார் அவருடைய பெரியப்பா மகன்.

"நேரா வெட்டக் கூடாதுண்ணா. ஒரு குண்டு வுழுந்தா அந்தக் கோடி வரைக்கும் அத்தினி பேரும் போய்டுவாங்க. எம் மச்சான் அப்டித்தான் போய்ட்டான்."

கூழ்ப்பானை என் இடுப்பில் இருந்தது. தம்பி செத்த விதம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பாலாத்துல எவன்டா உன்னச் சுடப்போறான்? பைத்தியம் புட்ச்சிருக்கு. ஏறுடா மேல!"

திருப்பங்களைத் தூர்த்து நேராக்கினார்கள். நேர்ப் பள்ளத்தில் ஆட்கள் வரிசையாக நின்றதைப் பார்த்ததும் அவர் கரையிலிருந்து கத்தினார். "ஏறி வந்துடுங்க! அண்ணா, ஏறி வந்துடுங்க!" நான்தான் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப்போனேன்.

பிறகு அவர் ஆற்றில் இறங்கவேயில்லை. முறை போயிற்று, கேழ்வரகு கருகிற்று. நான் ஆம்பூர்த் தோல் மண்டிக்கு ஆட்டு மயிர் அலசப் போனேன். அங்கேயும் பைத்தியக்காரன் பெண்டாட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் அந்தப் பேரோடுதான் செத்தார்.

பட்டாளத்துக்குப் போனவர்கள் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். ஊர் பஸ்ராதானா என்பதுகூட எனக்கு நிச்சயமில்லை. சண்டையில் பள்ளத்தைக் கோணலாகத்தான் வெட்டுவார்களா? அப்படியானால் அவருக்குப் பைத்தியம் இல்லை. என் தம்பி நின்ற பள்ளத்தை மட்டும் ஏன் நேராக வெட்டினார்கள்?