தூமே ஏற்றிய இளங்கிடாக்கள்

தூமே தன் வாழ்நாளில் பட்ட அவமானங்களுக்கு ஒரு போட்டி வைத்தால், மோஜோ நகரத்து ஏற்றுமதிக் கறிக் கம்பெனியின் பட்டியில் ஷெம்சு சிரித்த சிரிப்புக்குத்தான் முதல் பரிசு கிடைக்கும். ஷெம்சு அந்தக் கம்பெனிக்கு ஆடு பார்த்து எடுப்பவன். தெற்கே போரானா மேய்ச்சல் சீமையிலிருந்து அவள் லாரி நிறையக் கொண்டுவந்திருந்த ஆடுகளைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒவ்வொன்றும் காயடித்து, வருஷக் கணக்கில் மேய்த்துக் கொழுக்கவைத்த கிடா. சம்பந்தி வீட்டார் வந்தால் அறுக்கிற உயர்ந்த சரக்கு.

"என்னக்கா இது? கறிக்குக் கொண்டாந்தியா, குஸ்திக்குக் கொண்டாந்தியா?"

"நக்கல் பண்ணாத தம்பி. எங்க பக்கத்துல இதவிட ஒசத்தி கெடையாது. பொறுக்கிப் பொறுக்கிக் கொண்டாந்திருக்கோம்."

"அங்கதான் தப்பு பண்ணிட்ட. ஜித்தாக்காரன் உரிச்ச ஆட்ட முழுசா வாங்குறவன். சின்னதா, கொழுப்பு இல்லாம, பல்லு போடாத கிடாக்குட்டியா கேப்பான். இதுல ஒண்ணுகூட பிளேன் ஏறாது."

அந்த லாரிச் சரக்கு தூமே ஒருத்தியுடையது அல்ல. அவள் ஊர்ப்பக்கத்து ஹாரோ பாக்கே சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். பெண்ணின் கையை எந்தத் தரகன் துண்டுக்குள் பிடிப்பான்? அதனால் ஆட்டை வளர்த்தவளின் காதுக்கு உண்மையான விலை வந்ததே இல்லை. பஞ்சத்தில் மந்தையை இழந்து, பால் விற்று நிமிர்ந்த தூமேதான் பக்கத்துப் பெண்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு, தரகர்களைத் தாண்டி நேராகக் கம்பெனிக்கு வந்தாள். வந்த முதல் நாளே இந்தக் கதி.

"அடுத்த லாரி சரியா வந்தா ஆர்டர் உங்களுக்கு. இல்லேன்னா மொதலாளி பழையபடி தரகருங்ககிட்டயே போயிருவாருக்கா" என்றான் ஷெம்சு. பாவம், அவன் கெட்டவன் இல்லை.

வேறொருத்தியாக இருந்தால் லாரியைத் திருப்பிக்கொண்டு போயிருப்பாள். தூமே அழுதுகொண்டே யோசிக்கத் தெரிந்தவள். முதலில், குளிர் அறையைக் காட்டச் சொன்னாள். உள்ளே துணி சுற்றித் தொங்கிய ஆடுகள் முயலைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தன. இதையா ஒருவன் காசு கொடுத்துத் தின்பான் என்று தோன்றியது. அவன் நாக்கு அவனுக்கு என்று விட்டுவிட்டாள். பிறகு கிடாக்களைப் பக்கத்து நகரமான அதாமாவின் சந்தைக்கு ஓட்டச் சொன்னாள். வாரக் கணக்கில் நோன்பிருந்த கிறிஸ்தவர்கள் பாசிகா என்கிற ஈஸ்டர் பண்டிகைக்கு ஆடு தேடி அலைந்த நேரம் அது. குலுங்கும் கொழுப்பைப் பார்த்ததும் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். பெண்களுக்கு நஷ்டமில்லை. ஆனால் ஆர்டர் இன்னும் அந்தரத்தில்தான் தொங்கியது.

ஊரில் விஷயத்தைச் சொன்னதும் முதலில் எகிறியது அவளுடைய அண்ணன் கல்கலோ.

"பல்லு போடாத குட்டிய விக்கிறதா? அடுப்பெரிக்க வக்கத்தவதான் குட்டிய விப்பா. நம்ம குடும்பத்துப் பேர சந்தையில ஏலம் விடப் போறியா?"

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. தூமேவுக்கு மட்டும் இல்லையா என்ன?

"அண்ணே, போன பஞ்சத்துக்கு முன்னாடி ஒன் பட்டியில காயடிச்ச கிடா நெறைய நின்னுச்சே. ஒண்ண வித்தியா?"

"அதெல்லாம் ஒரு கௌரவம்டி."

"கௌரவத்தக் கடைசியில யாரு தின்னா? கழுதப்புலி தின்னுச்சு. கழுதப்புலி ஒனக்குக் காசு குடுத்துச்சா?"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். கல்கலோ புகையிலையைத் துப்பிவிட்டு எழுந்தான்.

"என் ஆடும் அப்படித்தான் செத்துச்சு, ஒன்ன மட்டும் சொல்லல" என்று தூமே குரலைத் தணித்தாள். "கிடாக்குட்டிய நேரத்தோட குடுத்துட்டா, இருக்குற புல்லு தாயாட்டுக்கு மிஞ்சும். தாய் நின்னா மந்தை நிக்கும்."

அவன் விறுவிறுவென்று போய்விட்டான். மறுநாள் சந்தை. உச்சி வெயிலில், ஊரே பார்க்க, தூமே தன்னுடைய குட்டிகளை நடுச்சந்தை வழியாக லாரிக்கு ஓட்டிக்கொண்டு போனாள். தரகர்கள் விசிலடித்தார்கள். "பாவம், தூமே வீட்டுல சோத்துக்கில்ல போல" என்று ஒருவன் உரக்கச் சொன்னான். அவள் நடையை மாற்றவில்லை. லாரியடியில் போய் நின்று திரும்பிப் பார்த்தபோது, பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குட்டிகளோடு வந்துகொண்டிருந்தார்கள். லாரி நிறைந்தது.

மோஜோவில் இந்தத் தடவை ஷெம்சு சிரிக்கவில்லை. குட்டிகளின் வாயைத் திறந்து பார்த்தான், இடுப்பை அமுக்கிப் பார்த்தான், உள்ளே அனுப்பினான். தூமே வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்து, அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்திருந்தாள். மறுநாள் காலை குளிர் அறையிலிருந்து அவன் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தான்.

"அத்தனையும் பாஸ்! கறி ரோஜாப்பூ மாதிரி இருக்குக்கா. இப்ப துபாய்க்காரனும் கேக்குறான். இன்னொரு குளிர் ரூம் கட்டப்போறோம். வாரம் ஒரு லாரி அனுப்ப முடியுமா?"

தூமே எழுந்து நின்றாள்.

"ரெண்டு அனுப்புறேன். வெலைய மட்டும் துண்டுக்குள்ள பேசாத. எல்லாப் பொம்பளைங்களுக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

சொல்லிக்கொண்டே, ஊரில் கூடியிருந்த பெண்களுக்குப் போனைப் போட்டு அவன் வாயருகே நீட்டினாள். ஷெம்சு விலையைக் கூவினான். போனுக்குள்ளிருந்து குலவை கிளம்பியது பாருங்கள், பட்டியில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டார்கள். தூமே சந்தோஷத்தில் வாய்விட்டு அழுதாள்.

குலவைக்கு நடுவே யாரோ போனைப் பிடுங்குவது கேட்டது. கல்கலோவின் குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தது.

"தங்கச்சி... அடுத்த லாரியில என் குட்டிங்களுக்கும் எடம் இருக்குமா?"

தூமே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இருக்கும்ணே. வரிசையில நில்லு. பொம்பளைங்க ஏத்தி முடிச்சப்புறம் ஒன்னோடத ஏத்தலாம்."