பெற்றவள் சொல்லட்டும்

மீன் கழுவிக்கொண்டிருந்தபோது என் மூத்த மகன் செல்வம் போன் செய்தான். வார நாளில் கூப்பிடுகிறவன் இல்லை. “அம்மா, கொஞ்சம் உக்காந்துக்கங்க,” என்றான். பிறகு, “டாக்டர் போயிட்டாரும்மா.” எந்த டாக்டர் என்று நான் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் டாக்டர் என்றால் ஒருவர்தான். மற்றவர்களையெல்லாம் பெயர் சொல்லித்தான் குறிப்பிடுவோம்.

சிங்கப்பூர் தேக்காவில் டாக்டர் வேதமாணிக்கத்திடம் மருந்து வாங்கிக் குடித்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவருடைய இறுதிச் சடங்கில் கோட்டு போட்டவர்கள் நிறையப் பேசினார்கள். எல்லாம் நல்ல பேச்சுதான். ஆனால் பபலோ ரோட்டு மாடிப்படியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு காத்திருந்தவர்கள் யாரும் அங்கே பேசவில்லை.

கீழே மளிகைக் கடை, மேலே அவருடைய கிளினிக். கடையில் மிளகாய் மூட்டை பிரித்தால் படியில் இருக்கிற அத்தனை பேரும் தும்முவோம். இதில் யாருக்கு உண்மையான சளி என்று கண்டுபிடிப்பதே அவருக்குப் பெரிய வேலையாக இருந்திருக்கும். எங்கள் ஆட்களுக்கோ ஊசி போட்டால்தான் வைத்தியம். அவர் லேசில் ஊசியை எடுக்கமாட்டார். லாரி ஓட்டும் ஒருவர் ஒருநாள் கோபித்துக்கொண்டார். இவ்வளவு படியேறி வந்ததற்கு ஒரு ஊசிகூடக் கிடையாதா என்று கேட்டார். “படியேறி வந்தும் மூச்சு வாங்கலையேண்ணே, அதான் வேணாங்கிறேன்,” என்றார் டாக்டர். லாரிக்காரரே சிரித்துவிட்டார்.

ஐம்பதுகளின் கடைசியில் என் முதல் பிள்ளை பிறந்தான். ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் இருந்தான். டன்லப் ஸ்திரீட்டில் நாங்கள் இருந்த மாடிவீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு உடம்பு மஞ்சளாகத் தொடங்கியது. மாமியார் வெயிலில் காட்டினார், வேப்பிலை கட்டினார். பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தினான். பிறகு இல்லாமல் போனான். என் பாலில்தான் விஷம் என்றாள் நாத்தனார். குழாயடியிலும் சொன்னாள், கோயிலிலும் சொன்னாள். இப்போது உட்லண்ட்ஸில் இருக்கிறாள். இதைப் படித்தால் படிக்கட்டும்.

இரண்டாவது முறை நான் உண்டானபோது மாமியார் என்னை டாக்டரிடம் அழைத்துப் போனார். அந்தக் காலத்தில் மருமகள் வாய் திறக்கமாட்டாள். எனக்கு எங்கே வலிக்கிறது, எத்தனை முறை வாந்தி எடுத்தேன் என்பதெல்லாம் மாமியாரே சொல்வார். அன்றும் அப்படித்தான் சொன்னார். முதல் பிள்ளை எப்படிப் போனான் என்று டாக்டர் கேட்டதற்கு, ராசி சரியில்லை என்று முடித்துவிட்டார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“நீங்க சொன்னது கேட்டாச்சும்மா. இப்ப பெத்தவ சொல்லட்டும்.”

அதுவரை அந்தப் பிள்ளையைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர்கூடக் கேட்டதில்லை. நான் அழுதுகொண்டே சொன்னேன். எப்போது கண் மஞ்சளானது, எப்போது சிறுநீர் தேயிலைச் சாயம்போல் போனது, எல்லாம் சொன்னேன். அவர் அவசரப்படுத்தவில்லை. படியில் கூட்டம் முணுமுணுத்தது. அதையும் அவர் சட்டை செய்யவில்லை.

“ஆஸ்பத்திரியில நல்லா இருந்த பிள்ளை வீட்டுக்கு வந்து மாறியிருக்கு,” என்றார். “அப்ப நான் வீட்டைத்தான் பார்க்கணும். இந்தப் பிள்ளை பிறந்ததும் ஆள் அனுப்புங்க. தூக்கிட்டு வராதீங்க, நானே வர்றேன்.”

செல்வம் பிறந்து வீட்டுக்கு வந்த மறுநாள் மத்தியானம், டாக்டர் சொன்னபடியே வந்தார். அதற்குள் பிள்ளையின் முகத்தில் மஞ்சள் தட்டிவிட்டது. நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். மறுபடியும் அதேதான் என்று மனசு மரத்துப் போயிருந்தது. அவர் நேராகப் பிள்ளையிடம் போகவில்லை. அறை வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தார். பிறகு குனிந்து, பிள்ளையைச் சுற்றியிருந்த துணியை மூக்கருகில் கொண்டுபோனார்.

அது என் மாமனாரின் வேட்டி. அவர் எப்போதோ காலமாகிவிட்டார். வீட்டில் ஆண்பிள்ளை பிறந்தால் முதலில் தாத்தாவின் வேட்டியில்தான் கிடத்த வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதற்கென்றே மாமியார் அதைப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார்; முதல் பிள்ளையையும் அதில்தான் கிடத்தினார். பூச்சி அரிக்கக்கூடாது என்று மடிப்புக்கு மடிப்பு வெள்ளை வெள்ளையாகப் பாச்சை உருண்டை போட்டிருந்தார். எங்களுக்கு அந்த வாசனை பழகிப்போனது. பெட்டியில் வைத்த நல்ல துணி என்றால் அப்படித்தான் மணக்கும் என்று நினைத்திருந்தோம்.

டாக்டர் வேட்டியை உருவி வெளியே போட்டார். தன் கைக்குட்டையாலேயே பிள்ளையின் உடம்பைத் துடைத்தார். சில பிள்ளைகளுக்குப் பிறக்கும்போதே ரத்தத்தில் ஒரு குறை இருக்கும், வெளியே தெரியாது, இந்த உருண்டை பட்டால் ரத்தம் உடைந்து மஞ்சளாகும் என்றார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம் மாற்ற வேண்டும் என்றார்.

மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். தீட்டுக் கழியாத பிள்ளை படி இறங்கக்கூடாது என்றார். ஊரான் ரத்தத்தை எங்கள் பிள்ளைக்கு ஏற்றுவதா என்றார். மகன் துறைமுகத்திலிருந்து வரட்டும், அவன் சொல்லட்டும் என்றார். டாக்டர் அவரோடு வாதாடவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, நீ சொல்லு.”

நான் எழுந்து உட்கார்ந்தேன். “தூக்குங்கண்ணே,” என்றேன். அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவர் தன்னுடைய காரிலேயே எங்கள் இரண்டு பேரையும் கொண்டுபோனார். ரத்தம் மாற்றினார்கள். செல்வத்துக்கு இப்போது பேரன் இருக்கிறான்.

நான் எதையும் லேசில் விடுகிறவள் இல்லை. உடம்பு தேறியதும் கிளினிக்குக்குப் போனேன். என் பாலில் விஷம் என்றார்களே, இப்போது நீங்களே வந்து எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள், அந்த வேட்டிதான் முதல் பிள்ளையைக் கொன்றது என்று சொல்லுங்கள் என்றேன்.

“சொல்லலாம் தங்கச்சி. சொன்னப்புறம் அந்தம்மா இந்தப் பிள்ளையை எப்படித் தூக்குவாங்க?”

எனக்குக் கோபம் வந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனாலும் அவர் வந்தார். மாமியாரையும் நாத்தனாரையும் உட்காரவைத்து, முதல் பிள்ளை போனதில் என் மேல் ஒரு குற்றமும் இல்லை, என் பாலில் ஒரு குறையும் இல்லை, இனி இந்த வீட்டில் அந்தப் பேச்சு வரக்கூடாது என்றார். வேட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் பார்த்தால் பெட்டி வெறும் பெட்டியாக வெயிலில் கிடந்தது. உருண்டைகளை மாமியார் எங்கே கொண்டுபோய்ப் போட்டாரோ தெரியாது.

“ஆளை கிளினிக்ல பார்க்கலாம், நோயை வீட்லதான் பார்க்கணும்,” என்று அவர் சொல்வது வழக்கம். எங்கள் வீட்டை அவர் அப்படித்தான் பார்த்தார். யார் அழுவார்கள், யார் மறைப்பார்கள், யாரிடம் எதைச் சொல்லக்கூடாது என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது.

சில வருடங்கள் கழித்து மாமியார் இருதயம் பலவீனமாகிப் படுத்துவிட்டார். டாக்டர் வந்து வந்து பார்ப்பார். இனி மருந்தால் ஆவது ஒன்றுமில்லை என்று ஆன பிறகும் வந்தார். வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய குரலில் கேட்டார்.

“அந்த மொதப் பிள்ளை… என் துணிதானா டாக்டர்?”

அத்தனை வருடமும் அதை வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறார். டாக்டர் கையை விடுவிக்கவில்லை. “அந்தப் பிள்ளையை நான் பார்க்கலையேம்மா,” என்றார். “பெத்தவ பார்த்தா. அவ சொல்லட்டும்.”

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கேட்ட நியாயத்தை என் கையிலேயே கொடுத்துவிட்டார். எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. குழாயடி, கோயில், அந்தச் சின்ன முகம், எல்லாம். நான் சொன்னேன்:

“நீங்க ஆசையா எடுத்து வச்ச துணி அத்தை.”

மாமியாருக்குப் புரிந்தது. ஆமாம் என்றும் புரிந்தது, நான் பழி சொல்லவில்லை என்றும் புரிந்தது. டாக்டர் எழுந்து போகும்போது என் தலையில் ஒரு தரம் கை வைத்தார். அதற்கு முன்னும் பின்னும் அப்படி வைத்ததில்லை.

போன வாரம் டாக்டர் உடம்பைப் பார்க்கப் போயிருந்தோம். நாத்தனாரும் வந்திருந்தாள். பக்கத்தில் இருந்த பெண்களிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். செல்வம் பிறந்தபோது அவளும் அவள் அம்மாவும்தான் பதறிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தார்களாம். நான் பயந்துபோய்ச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேனாம். படுத்திருந்தது உண்மைதான்.

டாக்டரைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. அதைத்தான் எடுத்தேன். நாத்தனார் முழங்கால் மேல் கையை வைத்து, “நீ கொஞ்சம் இரு லா,” என்றேன். “பெத்தவ நான் சொல்றேன்.”