மருந்து வேண்டாம் என்ற அம்மாள்

நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் குடியிருக்கிறோம். போன மழைக்காலத்தில் என் நான்கு வயது மகள் எஸ்தருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தன. எங்கள் சபையைச் சேர்ந்த ஓர் அம்மாள் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்தார். முடித்ததும், "டாக்டர்கிட்ட ஓடாதீங்க சிஸ்டர், அது அவிசுவாசம். வீண் செலவு வேற" என்றார். பழைய புடவையைக் கிழித்து ஜன்னலுக்குத் திரை தைக்கிறவள் நான். செலவு என்றதும் தயங்கி, சுக்குக் கஷாயம் கொடுத்துக் காத்திருந்தேன்.

மறுநாள் காலையில் குழந்தையால் எச்சில்கூட விழுங்க முடியவில்லை. மூச்சு இழுத்தது. அலறியடித்துக்கொண்டு ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். "தொண்டை அடைப்பான்மா இது! இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா குழந்தை உங்களுக்கில்ல" என்று திட்டிக்கொண்டே டாக்டர் ஊசி போட்டார். பல நாள் அங்கேயே கிடந்து பிழைத்தாள்.

வீடு திரும்பியபின் வந்த ஞாயிற்றுக்கிழமை, அதே அம்மாள் ஆலயத்தில் எழுந்து, "என் ஜெபத்தால, மருந்தே இல்லாம எஸ்தர் பிழைச்சா" என்று சாட்சி சொன்னார்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து நின்று, "பொய்! கர்த்தர்தான் காப்பாத்தினார், ஆனா ஊசி போட்டுக் காப்பாத்தினார். உங்க பேச்சை இன்னும் ஒரு நாள் கேட்டிருந்தா இவளைப் புதைச்சிருப்போம்" என்றேன்.

ஜெபிக்க வருகிறவர்களுக்கு இன்றும் பாய் விரிக்கிறேன். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம்தான் முதலில் ஓடுகிறேன். என் ஜெபத்தை ரிக்‌ஷாவில் போகும்போதே செய்துகொள்கிறேன்.

– ஒரு தாய், மேற்குத் தாம்பரம்