அப்பா எட்டாவது எழுதிய கோடை

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் மழை என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. அது அம்மா போட்ட சட்டம். அப்பா, அம்மா இருவருக்கும் மரக்காணம் உப்பளத்தில்தான் வேலை. மழை பெய்தால் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துவிடும், கூலியும் அதோடு போய்விடும். பள்ளியில் கற்ற மழைப் பாட்டைக்கூட நான் தெருவுக்குப் போய்த்தான் பாட வேண்டும்.

நான் ஐந்தாவது படித்தபோது அப்பா எட்டாவது படிக்கத் தொடங்கினார். உப்பு லாரியில் மூட்டை ஏற்றி ஏற்றி அலுத்துப்போய், அந்த லாரியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. எட்டாவது பாஸ் செய்யாதவருக்கு லாரி லைசென்ஸ் கிடையாது என்றார்கள். அப்பா ஆறாவதோடு நின்றவர். தனித்தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

கேள்வி கேட்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. பதில் தெரியாவிட்டால் அப்பா தானாகவே கையை நீட்டுவார். நான் ஸ்கேலால் ஒன்று வைப்பேன். அந்த வயதில் இதைவிடப் பெரிய பதவியை எனக்கு யார் கொடுத்திருப்பார்கள்? ஆனால் விடியுமுன் உப்பளம் போய் மதியத்துக்கு மேல் திரும்புகிறவர், இரண்டாவது கேள்விக்குள் குறட்டை விட்டுவிடுவார். பரீட்சை நெருங்கியும் கணக்கைத் தொடவே இல்லை. லீவு கேட்டதற்கு, போவதென்றால் ஒரேயடியாகப் போய்விடு என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

"அடுத்த வருசம் எழுதிக்கலாம்" என்று அப்பா புத்தகத்தை மூடினார். அம்மா ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைத்தாள்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. சித்திரை மாதத்தில் விடாத மழை. உப்பெல்லாம் கரைந்து வேலை நின்றுபோனது. தெருவே வானத்தைத் திட்டியது. அப்பா மூடிவைத்த புத்தகத்தைத் திறந்து பரீட்சைக்குக் கணக்குப் போட்டார். எனக்குக் குஷி தாங்கவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், அம்மாவும் முகம் சுளிக்கவில்லை. வேர்க்கடலையை வேகவைத்துக் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்துவிட்டு, ஸ்கேலை என் கையில் எடுத்துக் கொடுத்தாள்.

"நல்லா ரெண்டு வையி. தூங்கறாரு பாரு."

அப்பா திண்டிவனம் போய்ப் பரீட்சை எழுதினார். பாஸாகி, லைசென்ஸ் எடுத்து, ஒருநாள் அந்த லாரியையே எங்கள் தெருமுனையில் நிறுத்தி ஹாரன் அடித்ததெல்லாம் பிற்பாடு நடந்தது.

பரீட்சை முடிந்த மறுநாளே அம்மா என்னை உப்பளத்து ஓரத்தில் இருக்கும் பிள்ளையாரிடம் கூட்டிப்போனாள். சீசன் தொடங்கும்போது, மழை வரக்கூடாது என்று எல்லோரும் கும்பிடுகிற பிள்ளையார் அவர். யாரும் இல்லாத நேரம் பார்த்து அம்மா தேங்காய் உடைத்தாள். வெளியில் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு வேறு. பாஸான பிறகுதானே வேண்டுதலை நிறைவேற்றுவார்கள் என்று எனக்குக் குழப்பம்.

"இன்னும் ரிசல்ட்டே வரலியேம்மா?"

"சாமி செய்ய வேண்டியத செஞ்சிட்டாரு. மீதி உங்கப்பா பாடு."

சிரித்துக்கொண்டே ஒரு தேங்காய்ச் சில்லை என் வாயில் திணித்தாள். சுற்றிலும் பாத்தி முழுக்க மழைத் தண்ணீர் நிறைந்து கிடக்க, அதன் நடுவில் நின்றுகொண்டு, சாமி அப்படி என்னதான் செய்தார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.