என் மகளின் தலையை நான் நேராக்கிய நாட்கள்

அன்பான விசுவாசிகளே, எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சபையில் எழுந்து பேச வெட்கம், அதனால் எழுதுகிறேன்.

நல்லம்பள்ளிப் பக்கம் தக்காளி போடுகிறேன். என் மகள் எஸ்தருக்கு எட்டு வயது. கைக்குழந்தையிலிருந்தே அவள் கருவிழிகள் நிற்காமல் ஆடும். எதைப் பார்த்தாலும் முகத்தை வலது பக்கம் திருப்பி ஓரக்கண்ணால் பார்ப்பாள். “உம் பொண்ணு கோழியாட்டம் பாக்குதேப்பா” என்று சந்தையில் சிரித்தார்கள். எனக்கு அவமானம். “ஆண்டவரே, இவள் தலையை நேராக்கும்” என்று உபவாசம் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவது விசுவாசக் குறைவு என்று நினைத்தேன்.

போன கிறிஸ்துமஸ் ஆராதனையில் வேதம் வாசிக்க அவள் முறை வந்தது. முகத்தைத் திருப்பினாள். நான் எழுந்து போய், எல்லோர் முன்னாலும் இரண்டு கையாலும் தலையை நேராகப் பிடித்தேன். “இப்ப வாசி.” கண்கள் இன்னும் வேகமாக ஆடின. ஒரு எழுத்தும் வரவில்லை. வேதத்தின் மேல் அவள் கண்ணீர் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சாந்தி, “ஆண்டவரை எங்கங்க செய்ய வுட்டீங்க? உங்க கைதான் முன்னால போவுது” என்றாள். ஜனவரியில் சேலத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா எழுத்துப் பலகையைக் காட்டினார். எஸ்தர் என்னைப் பார்த்தாள். “திருப்பிக்கட்டுமாப்பா?”

சரி என்று தலையாட்டினேன். முகத்தைத் திருப்பி நாலு வரி வாசித்துவிட்டாள்.

“இது பிறவியிலயே வர்றதுங்க. ஆட்டத்தை முழுசா நிறுத்த வழி இல்லை. கண்ணாடி போட்டா பார்வை தெளியும். கழுத்து ரொம்பத் திரும்பினா, கண் தசையை மாத்தி வைக்கிற ஆபரேஷன் இருக்கு, அதை அப்புறம் பார்த்துக்கலாம். ஆனா அந்தப் பக்கம் திரும்பினாதான் அவ கண்ணு அடங்குது. தடுக்காதீங்க” என்றார்.

ஆண்டவர் அவளுக்கு ஏற்கெனவே கொடுத்திருந்த உதவியைத்தான் எடுத்துவிடும்படி நான் இத்தனை வருடம் கேட்டிருக்கிறேன். அவர் அதைச் செய்யவில்லை. அதுவே எனக்குக் கிடைத்த பதில். ஸ்தோத்திரம்.

இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள். பள்ளியில் கரும்பலகை இடது பக்கம் தெரியும்படி டீச்சர் இடம் மாற்றிக் கொடுத்தார். ஆனாலும் நான் பக்கத்தில் போனால் சட்டென்று தலையை நேராக்கிக்கொள்கிறாள். அந்தப் பயம் போகத்தான் இப்போது ஜெபிக்கிறேன். உங்கள் பிள்ளைக்கும் இப்படி இருந்தால் நம்பி ஜெபியுங்கள், கூடவே டாக்டரிடம் காட்டுங்கள். என்னைப் போலத் தாமதிக்காதீர்கள்.

நேற்று ஆராதனையில் அவள் மறுபடி வாசித்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, முழுவதும். என் கைகள் முன்னால் போகாதபடி, நான் அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

எழுதிய நாள்: ஜூன் 9, 2025, திங்கட்கிழமை.