வலப்பக்கம் பிரேக் பிடிக்காத வான்

மீன் ஏற்றி ஓடுகிற வானின் பின்கதவைத் திறந்தவுடன் முதலில் மூக்கில் ஏறுவது மீன் நாற்றம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அது இரண்டாவதாக வருவது. முதலில் வருவது ஐஸ் கரைந்த தண்ணீரின் நாற்றம். இரத்தமும் செதிலும் உப்பும் கலந்து, தகரத்தில் ஊறி, வெயிலில் சூடேறிய தண்ணீர் அது. என் அத்தானின் வானில் அந்தத் தண்ணீர், தரையின் வலப்பக்க ஓரமாகத் துரு தின்று விழுந்த ஓட்டைகள் வழியாக எந்த நேரமும் சொட்டிக்கொண்டிருக்கும். வானை எங்கே நிறுத்தினாலும் கீழே இளஞ்சிவப்பாக ஒரு ஈரம். ஈக்கள் அதற்கென்றே காத்திருந்ததுபோல வந்து சேரும். அத்தானுக்கு அந்த ஓட்டைகள் பெரிய வசதியாகத் தெரிந்தன. “பாத்தியே மச்சான், வான் தன்ரபாட்டில மூத்திரம் பெய்யுது. நாங்கள் கழுவத் தேவையில்லை” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சுற்றி நிற்கிறவர்களும் சிரிப்பார்கள். எனக்குக் குமட்டும்.

அத்தான் என் அக்காவின் கணவர். எங்கள் ஊரான சல்லிக் கரையில் பிடிபடுகிற மீனையும், திருகோணமலைத் துறைமுகப் பக்கம் வந்து இறங்குகிற மீனையும் வாங்கி, கந்தளாய்ச் சந்தைக்கு அனுப்புகிறவர். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறகு எத்தனையோ வேலைகள் செய்து பார்த்து ஒன்றிலும் நிலைக்காமல், லைசென்ஸ் எடுத்த பிறகு அத்தானின் வானில் சாரதியாக ஏறினேன். ஆறு வருடம் ஓடினேன். நான் இயல்பிலேயே பயந்தவன். வெளிக்கிடுவதற்கு முன் லைட்டைப் போட்டுப் பார்ப்பேன், நான்கு சில்லையும் உதைத்துப் பார்ப்பேன், கீழே குனிந்து பார்ப்பேன். வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரம் போன பிறகு, பார்த்ததைச் சரியாகப் பார்த்தேனா என்று நிறுத்தி மறுபடியும் இறங்குவேன். அத்தான் வாசலில் நின்று கத்துவார்: “நீ வான் ஓட்டிற ஆள் இல்லையடா, வானுக்குக் காவல் இருக்கிற ஆள்!” அவருக்கு ஒரு வாக்கியம் உண்டு. “வான் நிண்டால் மீன் நாறும்.” கிளட்ச் தேய்ந்தாலும் அதுதான் பதில், ரேடியேற்றர் ஒழுகினாலும் அதுதான் பதில். ஒரு நாள் வானைக் கராஜில் விடுவதென்றால், தன் உடம்பிலிருந்து எதையோ வெட்டிக் கொடுப்பதுபோல முகம் சுளிப்பார்.

வானைக் கழுவுவதும் அவருடைய முறைப்படிதான். கரையில் நிறுத்தி, வாளியால் கடல் தண்ணீரை அள்ளி உள்ளே வீசி அடிப்பது. கிணற்றுத் தண்ணீரால் கழுவ வேண்டுமென்றால் வீடு வரைக்கும் வந்து கப்பியில் இழுத்து ஊற்ற வேண்டும். கடல் பக்கத்தில் இருக்க எவன் கிணற்றில் அள்ளுவான் என்பது அவருடைய நியாயம். எங்கள் கரையில் மீன் ஏற்றுகிற பலரும் அப்படித்தான் செய்தார்கள். மேலே தகரம் பளிச்சென்று ஆகும். ஊற்றிய உப்புத் தண்ணீர் முழுவதும் ஓட்டைகளால் இறங்கி, அடியில் ஓடுகிற பிரேக் குழாய்களின் மேல் வழியும். நாளுக்கு இரண்டு தடவை, வருடக்கணக்காக. அதை நான் குனிந்து பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு எழும்பி, சாரத்தில் கையைத் துடைத்திருக்கிறேன்.

ஒரு நாள் விடியப்புறம், தம்பலகாமம் தாண்டிப் போகும்போது பிரேக் மிதி தரை வரைக்கும் போனது. நல்ல காலம், முன்னால் ஒன்றும் இல்லை. கியரைக் குறைத்துக் குறைத்து, ஓரமாக விட்டு நிறுத்தி, கீழே படுத்துப் பார்த்தேன். வலப்பக்கப் பின்சில்லுக்குப் போகிற மெல்லிய குழாய் துருப்பிடித்து வெடித்து, ஒயில் முழுவதும் போயிருந்தது. மீன் தண்ணீர் என் நெற்றியில் சொட்டச் சொட்ட அத்தானுக்குப் போன் எடுத்தேன்.

“குறடு இருக்கோ?” என்றார்.

“இருக்கு.”

“வெடிச்ச இடத்துக்கு முன்னால குழாயை மடிச்சு நசுக்கி விடு. புது ஒயிலை ஊத்திப்போட்டு ஓடு. மூண்டு சில்லு பிடிச்சாக் காணும்.”

பயத்தில் நான் எப்போதும் ஒரு போத்தல் பிரேக் ஒயில் வைத்திருப்பேன். அந்தப் போத்தல் இல்லாவிட்டால் வான் அங்கேயே நின்றிருக்கும். என்னுடைய பயமே அவருடைய வேலைக்கு உதவியாகிப் போனது. நசுக்கினேன். மிதி திரும்பவும் இறுகியது. காலுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கந்தளாய்க்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு மீன் கூட நாறவில்லை.

இரண்டொரு நாளில் மாற்றுவோம் என்றார். நாலு மாதம் போனது. அதற்குள் வலப்பக்க முன்சில்லின் குழாயிலும் ஒயில் கசிந்தது. இந்த முறை வீட்டு வளவுக்குள். கராஜுக்கு விடுவோம் என்று நான் சொல்லச் சொல்ல, அவரே குறட்டை எடுத்துவந்து என் கையில் தந்தார். அதையும் நான்தான் நசுக்கினேன். இப்போது வலப்பக்கத்து இரண்டு சில்லுக்கும் பிரேக் இல்லை. பிரேக்கைத் தொட்டால் வான் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். மிதிக்கும்போதே ஸ்டியரிங்கை வலப்பக்கமாக இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு கிழமையில் கை பழகிவிட்டது. அருவருப்பான விஷயம் அதுதான். மனுசனுக்கு எதுவும் பழகும். நாற்றம் பழகியதுபோல, ஈ பழகியதுபோல, இதுவும் பழகியது. ஆனால் கைக்குப் பழகியது மனதுக்குப் பழகவில்லை. படுத்தால், ஒவ்வொரு சந்தியிலும் ஒரு சைக்கிள் குறுக்கே வரும்.

வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்கு எங்கள் ஒழுங்கைத் தெருவில் இருந்து பெண்கள் ஒவ்வொரு வருடமும் போவார்கள். அந்த வருடம் பேசி வைத்திருந்த பஸ்காரன் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டான். பின்வளவு மாமி, சொந்தமில்லாவிட்டாலும் அத்தானை மருமகன் என்று கூப்பிடுகிறவ, வந்து அவரிடம் உதவி கேட்டா. அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. “என்ர வான் இருக்கேக்க நீங்கள் ஏன் மாமி கவலைப்படுறியள்?” என்றார். கொடுப்பதில் அவருக்குக் குறை இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாமி போன பிறகு மெதுவாகச் சொன்னேன். “அத்தான், சனத்தை ஏத்திக்கொண்டு இந்த வானில போக ஏலாது. வலப்பக்கம் பிரேக் இல்லை.”

“மீனை ஏத்தேக்க ஓடின வான், சனத்தை ஏத்தினால் நிண்டிடுமோ?”

“மீன் செத்தது அத்தான்.”

“பாரம் ஒண்டுதானே மச்சான்.” சிரித்தார். தன் பகிடியைத் தானே ரசித்து, இன்னொரு முறையும் சொன்னார்.

அடுத்த நாள் வானைச் சுத்தம் செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கிழமையாக விரதம் இருக்கிற, மச்சம் மாமிசம் தொடாத பெண்கள் ஏறப்போகிறார்கள். அத்தான் சவர்க்காரத் தூள் போட்டு உரஞ்சினார். வேப்பிலை கட்டினார். சாம்பிராணி காட்டினார். ஒரு வாளி மஞ்சள் தண்ணீர் கரைத்து, கூரை, சுவர், தரை என்று எல்லா இடமும் தெளித்தார். “மஞ்சள் தண்ணி பட்டால் எல்லாம் சுத்தம்” என்றார். நான் பின்பக்கமாகக் குந்தி இருந்தேன். மஞ்சள் தண்ணீர் ஓட்டைகளால் இறங்கி, நான் நசுக்கி வைத்திருந்த குழாயின் மேல் விழுந்து, துருவோடு சேர்ந்து மண்ணில் சொட்டியது. மேலே வேப்பிலை வாசம். கீழே பழைய நாற்றம் அப்படியே இருந்தது. அதன் மேல் பாய் விரித்தார்கள்.

அன்றிரவு நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மாமியின் வீடு வேலிக்கு அந்தப் பக்கம். படலையைத் திறந்து போய், “மாமி, இந்த வானில ஏறாதேங்கோ” என்று ஒரு வசனம் சொன்னால் போதும். அக்காவின் கணவரை ஊருக்குள் அவமானப்படுத்தலாமா என்று யோசித்தேன். வேலை போய்விடும் என்று யோசித்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, குழாயை நசுக்கியது யார் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். விடியும்வரை யோசித்து, கடைசியில் நான் கண்டுபிடித்த வழி காய்ச்சல். போர்வையை இழுத்துத் தலைவரைக்கும் மூடிக்கொண்டு, எழும்ப ஏலாது என்று முனகினேன்.

நான் காய்ச்சலில் விழுந்தால் பயணம் நின்றுவிடும் என்று எண்ணினேன் என்று என்னை நானே ஏமாற்றப் பார்த்ததுண்டு. அது பொய். அத்தானுக்கு ஓட்டத் தெரியும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் சாரதி ஆசனத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். “இவனுக்கு முருகனிட்டப் போறதுக்கும் பயம்” என்று சொல்லிக்கொண்டு அவரே ஏறினார். பெண்களும் பிள்ளைகளுமாகப் பதினைந்து பேர். அதில் என் அக்கா. அக்காவின் மடியில் அவவின் நாலு வயது மகள். வான் ஸ்டார்ட் எடுத்து, ஒழுங்கை திரும்பி, சத்தம் அடங்கும்வரை போர்வைக்குள் என் மூச்சின் நாற்றத்தை நானே முகர்ந்துகொண்டு கிடந்தேன்.

பின்னேரம் எல்லாரும் திரும்பி வந்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. மூதூருக்கு இந்தப் பக்கம் றோட்டில் ஒரு மாடு பாய்ந்ததாம். அத்தான் பிரேக்கைப் போட, வான் ஒரே வெட்டாக இடப்பக்கம் வெட்டி, றோட்டை விட்டு இறங்கி, வயல் வரம்பில் போய் நின்றதாம். மாட்டுக்கு ஒன்றும் இல்லை. “என்ன கெட்டித்தனம்! கண் மூடித் திறக்க முன்னம் திருப்பிப் போட்டார்” என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அத்தான் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். அவர் திருப்பவில்லை என்று அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்த இடத்தில் வயலுக்குப் பதில் வாய்க்கால் இருந்திருந்தால், றோட்டோரத்தில் ஒரு சைக்கிள் வந்திருந்தால் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அந்த மனுசன் கண்ணடித்தார்! எனக்குத் திருநீறும் பிரசாதமும் தந்தார்கள். காய்ச்சலுக்கு நல்லது என்று மாமி தன் கையாலேயே என் நெற்றியில் பூசிவிட்டா.

அந்த மாதமே வேலையை விட்டேன். அத்தான் பிறகு அந்த வானை யாரோ தூரத்து ஆளுக்கு விற்றார். நசுக்கிய குழாய்களோடுதான் விற்றார். வாங்கியவரிடம் அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு ஒரு முறை மீன் முள் குத்தி அவருடைய காலில் புண் வந்தது. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருந்த உடம்பு. புண்ணின் மேல் பொலித்தீன் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, “ஓடுற காலில கை வைக்கக் கூடாது” என்று பகிடி விட்டபடி கரைக்குப் போய் வந்தார். பையை அவிழ்த்தபோது வந்த நாற்றம் எனக்குப் பழக்கமான நாற்றமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது காலம் கடந்துவிட்டது. அழுதேனா என்று கேட்டால், அழுதேன். அருவருப்பும் பாசமும் ஒரே தொண்டையால்தான் வருகின்றன.

போன மாதம் அவர் செத்த நாளுக்கு ஆட்டைத் திவசம். சாப்பிட்டு முடிந்து எல்லாரும் கதிரைகளில் சாய்ந்திருக்க, மாமி மாட்டுக் கதையைத் தொடங்கினா. வருடத்துக்கு வருடம் அந்த மாடு பெருத்துக்கொண்டு வருகிறது. இப்போது அது எருமை ஆகிவிட்டது. “அண்டைக்கு ஸ்டியரிங்கைப் பிடிச்சது மருமகன் இல்லை, முருகன்” என்று கும்பிட்டா. எனக்கு அங்கே இருக்க ஏலவில்லை. எழும்பிக் குசினிக்குப் போனேன். அக்கா தனியாக நின்று தாச்சி சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தா. சொல்லிவிட்டேன். வலப்பக்கம் பிரேக் இல்லாததையும், நசுக்கியது நான் என்பதையும், காய்ச்சல் இல்லை என்பதையும்.

அக்கா கை நிறுத்தாமல் கழுவினா. “காய்ச்சல் இல்லை எண்டு தெரியும். வெளிக்கிட முன்னம் வந்து உன்ர காலைத் தொட்டுப் பாத்தனான். சில்லெண்டு கிடந்தது. வானிலதான் ஏதோ பிழை எண்டு விளங்கிச்சு. நீ சொல்லுவாய் எண்டு வாசலில கொஞ்ச நேரம் நிண்டனான்.”

“பிறகு ஏன் அக்கா ஏறினனீங்கள்? அதுவும் பிள்ளையோட?”

“சனம் எல்லாம் ஏறியிருக்கேக்க, நான் மட்டும் இறங்கி நிக்கிறதோ?” என்றா. பிறகு, “மாமி இப்ப மகளின்ர வீட்டில, உப்புவெளியில இருக்கிறா. நடக்க ஏலாது அவவுக்கு. கொண்டுபோய் விடு” என்றா.

இப்போது எனக்கென்று ஒரு வான் இருக்கிறது. பலசரக்குக் கடைகளுக்குச் சாமான் ஏற்றுகிறேன். மீன் ஏற்றுவதில்லை. மாமி முன்சீற்றில் ஏறிக்கொண்டு, “ஊர்ந்து ஊர்ந்து போய் விடியத்தான் விடுவாய் போல” என்று என்னைச் சீண்டினா. ஒழுங்கை தாண்டிப் பெரிய றோட்டில் ஏறியதும் சொன்னேன். “மாமி, அண்டைக்கு ஸ்டியரிங்கைப் பிடிச்சது முருகன் இல்லை.” முழுவதையும் சொன்னேன். அக்காவிடம் சொன்னதை விட விபரமாகச் சொன்னேன். பேரப்பிள்ளைகள் மூன்று பேர் அன்றைக்கு அவவோடு அந்தப் பாயில் இருந்தவர்கள்.

“அப்ப நீ போர்வைக்குள்ள கிடந்தனி” என்றா மாமி.

“ஓம் மாமி.”

“வானை நிப்பாட்டு.”

“இன்னும் தூரம் கிடக்கு மாமி, உங்களுக்கு நடக்க...”

“நிப்பாட்டடா.”

பிரேக்கை மிதித்தேன். நான்கு சில்லும் ஒன்றாகப் பிடித்து, எந்தப் பக்கமும் இழுக்காமல், நேராக, மெதுவாக வான் நின்றது. மாமி கதவைப் பிடித்து இறங்கி, சேலைத் தலைப்பை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, வெயிலுக்குள் நடந்து போனா.