தங்கச்சிக்கு வந்த கட்டி

“புண்ணுள்ள பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் எடுக்கக் கூடாது, தாய் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்” என்பது ராகலைக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து விதி. தாய்மார் கொழுந்தெடுக்கப் போனபின் எங்களை ஆயா பார்த்துக்கொள்ளும் அந்த அறையில் எப்போதும் ஈரச் சாக்கும் சவர்க்காரமும் மணக்கும்.

விதியின் முழுப் பலனையும் அனுபவித்தவள் என் தங்கை ராசாத்தி. அட்டை கடித்த இடத்தைச் சொறிந்தால் போதும், அது சிவந்து, சூடேறி, வீங்கிக் கட்டியாகிவிடும். கிருமி நுழைந்ததும் வெள்ளை அணுக்கள் திரண்டு வந்து விழுங்கி, தாமும் செத்துச் சீழாகின்றன என்று பின்னால் பள்ளியில் படித்தேன். அப்போது தெரிந்ததெல்லாம், தங்கைக்குக் கட்டி வந்தால் அம்மா காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் “பெரட்டு”க்குப் போகமாட்டாள், சுடுசோற்றில் மஞ்சள் பிசைந்து கட்டுப்போட்டு அவளை மடியில் போட்டுக்கொள்வாள், நான் மட்டும் காம்பராவுக்கு நடக்க வேண்டும் என்பதுதான்.

என்னையும் அட்டை கடித்தது. அதே மலை, அதே மழை. என் அணுக்களோ வந்த வேலையைச் சத்தமில்லாமல் முடித்துக் கோப்பை மூடிவிடும். பொருக்கு விழுமுன் ஒருநாள் காலைத் தூக்கி ஆயாவிடம் நீட்டினேன்.

“இது புண்ணாடா? நாளைக்குத் தேடுனாலும் கெடைக்காது. உள்ளாற போ.”

“செவந்திருக்கு ஆயா.”

“ஒனக்கு எருமத் தோலு. ஒங்கம்மா குடுத்து வச்சவ.”

விதியில் புண் என்றுதான் இருந்தது, சீழ் என்ற சொல்லே இல்லை. மேல்முறையீட்டுக்கு அம்மாவிடம் போனேன். “நீ நல்ல புள்ள, ஒனக்கு ஒண்ணும் வராது” என்று கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். ஆரோக்கியமாக இருந்ததற்கு இப்படியொரு தண்டனையை என் உத்தியோக காலம் முழுவதிலும் நான் கண்டதில்லை.

இப்போது பிள்ளைக் காம்பராவுக்குப் பெயரும் மாறிவிட்டது, கட்டடமும் மாறிவிட்டது. சோற்றுக் கட்டு போடுவாரும் இல்லை. எனக்குச் சர்க்கரை. என்னைப்போலவே வெள்ளை அணுக்களும் ஓய்வுபெற்றுவிட்டன போலும், ஆடி அசைந்துதான் வருகின்றன. செருப்பு உரசிய புறங்காலில் பெரிய கட்டியாகக் கிளம்பிவிட்டது. செய்தி கேட்டு நானுஓயாவிலிருந்து ராசாத்தி போன் எடுத்தாள்.

“அண்ணே, ஒனக்கா கட்டி? அது என் சொத்தாச்சே” என்று சிரித்தவள், அம்மாவின் மடிச்சூட்டைப் பற்றி நெடுநேரம் பேசினாள். எனக்கு அந்த மடியைப் பார்த்த ஞாபகம்தான் இருக்கிறது.

சின்ன வயதில் நான் கேட்ட கட்டி எனக்குக் கிடைத்தது, அம்மா போய் வெகுகாலம் கழித்து, இந்த ஆண்டு தைப்பூசத்தன்று.